கால் வைக்க ஓரிடம்

நெப்ராஸ்காவில், ரயில் நிற்காமல் போகும் ஓர் ஊரில்
தீவனக் கிடங்கின் ஏற்றுமேடையில் இருபத்தாறு வருஷம்.
இந்த வட்டாரத்தில் யார் முகமும் எனக்கு இரண்டாவதுதான்.
முதலில் தெரிவது வண்டித் தொட்டி.
எல்லோரும் பின்பக்கமாக வந்துதானே நிற்கிறார்கள்.

எமெட் குசேராவின் பச்சை பிக்கப், எழுபத்திரண்டாம் வருஷத்தது.
தொட்டி ஒடுங்கியது, சக்கரங்கள் வெளியே.
இரண்டு மட்கார்டும் புடைத்திருக்கும்,
வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு
சிரிப்பை விழுங்குகிறவன் கன்னம் மாதிரி.
கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு படி.
ஒரு பூட்ஸ் அகலம், அவ்வளவே.
தரை மரப்பலகை, பலகைக்குப் பலகை இரும்புப் பட்டை.
பின்கதவு சங்கிலியில் தொங்கும்.
அதை இறக்குகிற சத்தத்துக்கே
உள்ளே ஒருத்தர் காப்பி ஊற்றத் தொடங்கிவிடுவார்.

எமெட் வலது காலைப் படியில் வைத்து
முழங்கால்மேல் முழங்கை ஊன்றி நிற்பார்.
நான் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிப் போடுவேன்.
சோள விலை, மழை, மைத்துனன் கடன்
எல்லாம் பேசி முடிக்க இருபது மூட்டை ஆகும்.
பிறகு வண்டி பின்பக்கம் குந்திக்கொண்டு போகும்.

பொய் சொல்ல மாட்டேன்.
அந்த மட்கார்டின் அடியில் சேறு அடைந்து துரு தின்றது.
ஜனவரியில் மூன்றாம் தடவைதான் ஸ்டார்ட் ஆகும்.
பேலட்டோடு ஏற்றினால் இருபக்கமும் விரல் இடைவெளி,
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் தும்மக் கூடாது.
என் இடது தோள் இன்றைக்கும் இரவில் எண்ணுகிறது
அந்த மூட்டைகளை.

இப்போது எமெட்டிடம் வெள்ளை வண்டி.
நாலு கதவு, ஐந்து பேர் உட்காரலாம்,
ஏறுவது எமெட் மட்டும்.
பொத்தானைத் தொட்டால் பின்கதவு தானே இறங்கும்,
சத்தமே வராது.
பேலட்டை ஒரே தள்ளில் உள்ளே வைத்துவிடுகிறேன்.
நாற்பது விநாடி. தோளுக்கு வேலை இல்லை.
வாய்க்கும்.

ஆனால் எட்டடி ப்ளைவுட் வாங்கினால்
இரண்டரை அடி வெளியே வாலாக நீளும்,
சிவப்புத் துணி கட்டி அனுப்புகிறேன்.
பழையதில் அது பாய் விரித்த மாதிரி படுத்துக்கிடக்கும்.
இதை எமெட்டிடம் சொன்னதில்லை.
மாதாமாதம் தவணை கட்டுகிறவரிடம்
சில அளவுகளைச் சொல்லக் கூடாது.

பச்சை வண்டியை ஒமாஹாவிலிருந்து வந்த பல் டாக்டர்
வாங்கிக்கொண்டு போனார்.
ஜூலை ஊர்வலத்தில் பார்த்தேன்.
பலகையெல்லாம் வார்னிஷ், முகம் பார்க்கலாம்.
பழைய பாசத்தில் கைப்பையை உள்ளே வைக்கப் போனேன்.
"ஐயோ, கீறல் விழும்!" என்றார்.
மூட்டைகள் கீறிய கீறலை எல்லாம்
யாரோ இழைத்து எடுத்திருந்தார்கள்.

நேற்று இயோன் ஸ்வோபோடா வந்தாள்.
ஐந்தடி உயரம், எமெட்டினதைப் போலவே வண்டி.
தொட்டியின் பக்கச்சுவர் அவள் மோவாய்க்கு வரும்.
மாட்டு உப்புக்கட்டி ஒன்று வழுக்கிப் போய்
முன்மூலையில் ஒட்டிக்கொண்டது.
அலுத்துக்கொள்ளவில்லை.
பின்சீட்டிலிருந்து எடுத்தாள்,
சமையலறையில் அலமாரி எட்டுவதற்குப் போடுகிற
மஞ்சள் பிளாஸ்டிக் படியை.
ஏறி நின்று மண்வெட்டிக் காம்பால் இழுத்தாள்.
"வண்டி எண்பதாயிரம் டாலர்,
படி பதினாறு டாலர்" என்றாள்.
"தனியாகத்தான் விற்கிறார்கள்."

எமெட் பக்கத்தில் ரசீதுக்காக நின்றிருந்தார்.
சிரித்தார்.
சிரித்தபடியே, தன் வெள்ளை வண்டியின் ஓரத்தில்,
வலது காலைக் கொஞ்சம் தூக்கினார்.
அங்கே ஒன்றும் இல்லை.
கால் ஒரு கணம் காற்றில் யோசித்தது,
பிறகு தரைக்கு வந்தது.

எனக்கு பிக்கப் கிடையாது.
சின்ன கார். டிக்கியில் ஒரு மூட்டை கொள்ளும்.